பிள்ளைகளின் சின்ன வேலைகளைச் சின்னதாக நினைக்காதீர்கள்

(சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமற் போன அங்கத்தவர்களுக்காக அதை இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் மலை ஏறி இறங்கிய கால்களுக்கு இந்த ஒரு நாள்தான் ஓய்வு. துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நான் கண்ணால் கண்டதையும், என் வீட்டில் நடந்ததையும், நம்முடைய மக்களுக்கு நடந்ததையும் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

பிள்ளைகளுக்கு நல்ல பழக்கங்களைச் சொல்லிக் கொடுப்பது பற்றிப் பேசுங்கள் டீச்சர் என்று மாதர் சங்கத் தலைவி கேட்டார். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். சொல்லிக் கொடுத்ததில் எத்தனை பிள்ளை காதில் ஏறியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை எனக்குச் சொல்லிக் கொடுத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரே நீளமான மண்டபம், அதில் ஐந்து வகுப்பு, நடுவில் தட்டி. நான்காம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை தினமும் கால் மணித்தியாலம் பிந்தி வரும். கூடவே இன்னொரு பிள்ளையும் வரும். முதல் நாள் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டு நின்றது. இரண்டாம் நாள் ஏசினேன். மூன்றாம் நாள் அடிமட்டத்தால் கையில் ஒரு அடி போட்டேன். அந்தக் காலத்தில் அதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். பிள்ளை அழவில்லை, காரணமும் சொல்லவில்லை. அடுத்த நாளும் அதே கால் மணித்தியாலம் பிந்தித்தான் வந்தது.

ஒரு வாரம் கழித்துப் பிள்ளைக்காம்பரா ஆயாதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். கூட வருகிற பிள்ளையின் தாய் விடியற்காலையிலேயே பெரட்டுக்குப் போய்விடுகிறார். தகப்பன் வீட்டில் இல்லை. கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அக்காள்காரி பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கப் பார்த்தாள். இந்தப் பிள்ளைதான் காலையில் அந்தக் காம்பராவுக்குப் போய், தம்பியை ஒரு கை தூக்கி, ஆயாவிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு ஓடி வருகிறது. பிந்துகிறதும் அதனால்தான், அடி வாங்கியதும் அதனால்தான்.

அன்றைக்கு வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேருக்கும் கால் மணித்தியாலம் சலுகை கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பின்னால் என்ன ஆனது தெரியுமா? நின்றுபோக இருந்த பிள்ளை நிற்கவில்லை. சாதாரண தரம் வரை படித்தது. இன்றைக்கு ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. கூட்டிக்கொண்டு வந்த பிள்ளைக்குப் பரீட்சை சரிவரவில்லை. கொழும்புப் பக்கம் கார்மெண்டில் கொஞ்ச வருஷம் வேலை செய்துவிட்டு, கல்யாணம் முடித்து, இப்போது கொழுந்து பறிக்கிறாள். போன வருஷம் பஸ்ஸில் கண்டேன். பழைய கதையைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகமே இல்லை. சிரித்துக்கொண்டு, "அவ வீடு நாங்க போற வழியிலதானே டீச்சர் இருந்திச்சு" என்றாள்.

இதை ஏன் சொல்கிறேன்? நாங்கள் பிள்ளைகளிடம் "நல்லது செய், உனக்கு நல்லது நடக்கும்" என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். அப்படிச் சொன்னால் பிள்ளை ஒரு தரம் செய்து பார்க்கும், இரண்டு தரம் செய்து பார்க்கும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடும். அந்தப் பிள்ளை செய்த வேலையின் பலன் அவளுக்குக் கிடைக்கவில்லை, இன்னொரு பிள்ளைக்குக் கிடைத்தது. அந்த முன்பள்ளியில் இன்றைக்கு அ, ஆ எழுதுகிற பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது.

இது நமக்குப் புதிய சங்கதி இல்லை. நீங்கள் தினமும் நிற்கிற மலையைப் பாருங்கள். லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. குழி வெட்டியவர்கள் பெயர் எழுதியில்லை. வெட்டியது நம்முடைய ஆட்கள். இந்த மலைகளில் நூறு வருஷம் தாண்டிய விதைத் தேயிலை இன்னும் கொழுந்து தருகிறது. அந்தச் செடியை நட்ட கை எது, இன்று அதில் கிள்ளுகிற கை எது? தேயிலைக் கன்று வைத்தால் அடுத்த மாதமே கூடை நிறையாது. தவறணையில் வளர்த்து, மலையில் நட்டு, வெட்டிப் படரவிட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்துதான் கொழுந்து எடுக்கிறோம். இதைச் செய்து பழகிய நமக்கு, பிள்ளையின் சின்ன வேலைக்கும் அப்படிக் காலம் பிடிக்கும் என்பது புரியாதா?

சரி, இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது? புத்தியாகச் சொன்னால் ஏறாது. கையில் ஒரு வேலையாகக் கொடுக்க வேண்டும். தினமும் செய்யக்கூடிய சின்ன வேலையாக இருக்க வேண்டும். அதனால் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு பிள்ளைக்குக் காட்டவும் வேண்டும். மூன்று வேலைகளைச் சொல்கிறேன். மூன்றுக்கும் காசு தேவையில்லை.

முதல் வேலை, ஒரு கொப்பி.

பின்னேரம் தாய் மலையிலிருந்து வந்ததும் பிள்ளை கேட்க வேண்டும்: "அம்மா, இன்றைக்கு எத்தனை கிலோ? முழுப் பேரா, அரைப் பேரா?" அதைத் திகதி போட்டுக் கொப்பியில் எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு நிமிஷ வேலை. மாதம் முடிந்து சம்பளத் துண்டு வந்ததும் தாயும் பிள்ளையும் விளக்கடியில் உட்கார்ந்து இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எத்தனை கிலோ, மேலதிகக் கொழுந்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள், என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து குறைந்தது நூற்றுக்கு எட்டு பிடிக்க வேண்டும், நிர்வாகம் குறைந்தது நூற்றுக்கு பன்னிரண்டு போட வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் நூற்றுக்கு மூன்று போட வேண்டும். அது உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற காசு இல்லை. பாடசாலையில் நூற்றுவீதக் கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்கு வேறு எங்கே இருக்கிறது? முப்பதாயிரம் ரூபாய்க்கு எட்டு வீதம் எவ்வளவு என்று கேளுங்கள். 2,400 என்று பிள்ளை சொல்லும். நிர்வாகத்தின் பன்னிரண்டு வீதம் எவ்வளவு? 3,600. நம்பிக்கை நிதிக்கு? 900. இனி அந்தப் பிள்ளை கணக்கை மறக்காது, நீங்களும் உங்கள் காசை மறக்க மாட்டீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய்க்கு ஒரு மாதம் இரண்டு பேர் குறைந்து போயிருந்தது. முன்பென்றால் "நமக்குத்தான் ஞாபகம் பிசகியிருக்கும்" என்று பேசாமல் இருந்திருப்பார். அந்த முறை மகனுடைய கொப்பி இருந்தது. தோட்டத் தலைவர் கொப்பியை எடுத்துக்கொண்டு ஆபிசுக்குப் போனார். செக்ரோலை எடுத்துப் பார்த்தார்கள். பிழை பிழைதான் என்று ஒப்புக்கொண்டு அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. அந்தப் பையன் அன்றைக்குத் தாயின் முகத்தைப் பார்த்தான் பாருங்கள், பத்துப் பரிசளிப்பு விழாவிலும் அப்படி ஒரு பரிசு கிடைக்காது. இரண்டு நாள் சம்பளத்துக்கு மேலே அவன் ஒன்றைக் கற்றுக்கொண்டான்: எழுதி வைத்திருக்கிறவன் பயப்படாமல் கேட்கலாம்.

இரண்டாவது வேலை, ஒரு பெட்டி.

எங்கள் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எழுத்து உள்ள எந்தத் துண்டையும் அடுப்பில் போட விடமாட்டார். தோட்டத்தில் கொடுத்த துண்டு, ஆஸ்பத்திரித் துண்டு, பிள்ளைகள் பிறந்த பதிவு, பள்ளிக்கூடத்தில் பேர் எடுத்த கடுதாசி, எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, கரையானுக்கு வேப்பிலை வைத்து, காம்பரா மூலையில் வைத்திருந்தார். சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். பாட்டி நகை சேர்க்காமல் கடுதாசி சேர்க்கிறது என்று கேலி பண்ணுவோம்.

அந்தப் பெட்டியின் அருமையை வரலாறு தெரிந்தவர்கள்தான் புரிந்துகொள்ள முடியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்முடைய ஆட்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்காக ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு அடுத்த தேர்தலில் வாக்கு இல்லாமல் போனது. 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. விண்ணப்பம் போட்டால் பிரஜாவுரிமை தருவோம் என்றார்கள். என்ன காட்ட வேண்டும்? 1946 ஜனவரிக்கு முன்னால், கல்யாணம் முடித்தவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும் விடாமல் இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இரவு பகலாக இந்த மலையிலேயே கிடந்தவன் இங்கேதான் இருந்தேன் என்பதற்குக் கடுதாசி காட்ட வேண்டும். எட்டு இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்குத்தான்.

எங்கள் தாத்தாவுக்கும் கிடைக்கவில்லை. பாட்டியின் பெட்டி அப்போது அவரைக் காப்பாற்றவில்லை. பாட்டி பெட்டியைத் தூக்கி எறியவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று, ஆட்களைக் கேட்காமலே பிரித்தார்கள். எங்கள் அப்பா இங்கேயே இருப்பதென்று விண்ணப்பம் போட்டார். அப்போது பாட்டி பெட்டியைத் திறந்தார். அப்பா பிறந்த பதிவு முதல் எல்லாம் அதில் இருந்தது. அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்தக் கடுதாசி இருந்தபடியால்தான் பிற்பாடு நான் அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியை ஆக முடிந்தது. எழுதத் தெரியாத ஒரு கிழவி சேர்த்து வைத்த கடுதாசியின் மேலே ஏறி நின்றுதான் நான் உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டி மட்டும் போதவில்லை. சங்கங்கள் போராடின, சத்தியாக்கிரகம் இருந்தன. நாடற்றவர் என்ற பெயர் சட்டத்தில் தீருவதற்கு 2003 வரைக்கும் பிடித்தது. ஆனால் கதவு திறந்த நேரத்தில் கையில் கடுதாசி இருந்தவர்கள் முதலில் உள்ளே போனார்கள்.

இன்றைக்கும் எத்தனை வீட்டில் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறு பெயர், தகப்பனின் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று கிடக்கிறது? சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் ஓடித் திரிகிறோம். ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: வீட்டுக் கடுதாசிகளுக்கு நீதான் பொறுப்பு. ஒரு பொலித்தீன் உறை, ஒரு பிஸ்கட் டின் போதும். எல்லோர் பெயரும் எல்லாக் கடுதாசியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அந்தப் பிள்ளையே வாசித்துப் பார்க்கட்டும். பிழை கண்டால் இப்போதே கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுத் திருத்தலாம்.

மூன்றாவது வேலை, ஒரு போத்தல். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோர் இல்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாங்கள் பயந்து பயந்துதான் தூங்குகிறோம்.

மழையை நாங்கள் எப்படி அளக்கிறோம்? "நேத்து ராத்திரி நல்ல மழை" என்கிறோம். நல்ல மழை என்றால் எவ்வளவு? ஒருவர் பெரிய மழை என்பார், இன்னொருவர் இதைவிடப் பெரிய மழையெல்லாம் பார்த்திருக்கிறோம் என்பார். அந்தப் பேச்சிலேயே நேரம் போய்விடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மண்சரிவு அபாயம் உள்ள இடத்தில் 24 மணித்தியாலத்துக்குள் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினால், இருக்கிற இடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

75 மில்லிமீற்றர் என்றால் பிள்ளையின் அடிமட்டத்தில் ஏழரை சென்டிமீற்றர். 150 என்றால் பதினைந்து சென்டிமீற்றர். அவ்வளவுதான் கணக்கு. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டி எடுங்கள். அடி மேடு பள்ளமாக இருக்கும். சின்னக் கற்களைப் போட்டு, பள்ளம் மறைகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் பூச்சியம். கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெளியான இடத்தில், சாயாதபடி நிறுத்தி வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் கோட்டுக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பிள்ளை அளந்து கொப்பியில் எழுத வேண்டும். பிறகு மறுபடி கோடு வரைக்கும் ஊற்றிவிட வேண்டும். கடும் மழை நேரத்தில் காலை வரைக்கும் காத்திருக்கக்கூடாது, அடிக்கடி பார்க்க வேண்டும். அப்போது வெளியில் இறங்கிப் பார்ப்பது பெரியவர்களின் வேலை. எழுதுகிறது பிள்ளையின் வேலை.

இன்னும் சில அடையாளங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சுவரில் வெடிப்பு, திடீரென்று இறுகிப்போகிற கதவு, சாய்கிற மரமும் தூணும், இல்லாத இடத்தில் புதிய ஊற்று, பீலித் தண்ணீர் சேறாக வருவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நின்றுபோவது. இதில் ஒன்றைக் கண்டாலும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே பெரியவர்களிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும். பெரியவர்கள் இடத்தை விட்டு விலகி, 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

மலையெல்லாம் சுற்றி விளையாடுவது பிள்ளைகள்தான். எந்தக் கானில் தண்ணீர் அடைத்து நிற்கிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். ஆனால் பிள்ளை வந்து சொன்னால் நாங்கள் என்ன சொல்கிறோம்? "போடா, போய்ப் படி" என்கிறோம். ஒரு தரம் அப்படிச் சொன்னால் மறு தரம் அந்தப் பிள்ளை சொல்லாது. பிள்ளை சொன்னதும் அடுப்பை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். ஒன்றுமில்லை என்றாலும், "நீ சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை போத்தலில் மழையை அளக்கிறது என்பதற்காக, அபாயமான இடத்தில் லயத்தை வைத்திருப்பவர்களுடைய பொறுப்பு தீர்ந்துவிடாது. பாதுகாப்பான காணியும் தனி வீடும் கேட்பது நம்முடைய வேலை, சங்கத்தின் வேலை. நல்ல பிள்ளை என்றால் வாய் பேசாத பிள்ளை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பழக்கத்தை விடுங்கள். கொப்பியில் எழுதுகிற பிள்ளையும், கடுதாசியைக் காக்கிற பிள்ளையும், மழையை அளக்கிற பிள்ளையும் நாளைக்கு கேள்வி கேட்கிற ஆளாக வளரும். ஆதாரத்தோடு கேட்கிற ஆளாக வளரும். அதுதான் நமக்கு வேண்டும்.

நம்முடைய சங்க வரலாறே இப்படித்தான். 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தபோது, அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும் என்று பாட்டாகவே போட்டார். ஒரு பாட்டினால் துரைமாருடைய ராஜ்யம் விழுந்துவிடவில்லை. ஆனால் கேட்டவர்கள் அதை லயத்துக்கு லயம் கொண்டுபோனார்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அந்தத் தொழிலாளர்கள் அப்போது கேட்டது நாளொன்றுக்குப் பதினாறு சதம் கூட. இன்றைய பிள்ளைக்குப் பதினாறு சதம் என்றால் சிரிப்பு வரும். அந்தப் பதினாறு சதத்துக்குப் பின்னால் ஒரு உயிர் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். மாதா மாதம் நீங்கள் கொடுக்கிற சந்தாவும் ஒரு ஆளுக்குச் சில்லறைதான். அந்தச் சில்லறை சேர்ந்துதான் கூலி நிர்ணயப் பேச்சுவார்த்தையில் நம்முடைய ஆள் கதிரை போட்டு உட்காருகிறார்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. கோபப்படக்கூடாது. பிள்ளையிடம் கொப்பியில் எழுதச் சொல்லிவிட்டு, சம்பள நாளில் நீங்கள் நேரே தவறணைக் கடைக்குப் போனால், பிள்ளை எழுதுகிற கணக்குக்கு என்ன அர்த்தம்? பிள்ளை நம்முடைய வாயைப் பார்த்துப் படிப்பதில்லை, நம்முடைய காலைப் பார்த்துத்தான் படிக்கிறது. கால் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியும். சம்பள நாளன்று முதலில் வீட்டுக்கு வந்து, துண்டைப் பிள்ளை கையில் கொடுத்து, "வாசி மகன்" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் வேறு பாடம் தேவையில்லை.

தாய்மார்களுக்கும் ஒன்று. வீட்டு வேலை எல்லாவற்றையும் பெண்பிள்ளை தலையில் கட்டிவிட்டு, அதை நல்ல பழக்கம் என்று சொல்லாதீர்கள். தம்பியைத் தூக்கிய அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேனே, அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவன் ஒரு நாளாவது தூக்கியிருந்தால் அவள் பிந்தியிருக்க மாட்டாள். நல்ல பழக்கம் ஆண்பிள்ளைக்கும் சேர்த்துத்தான். 16 வயது வரைக்கும் பிள்ளை படிக்க வேண்டும் என்பது சட்டம். கொழும்புக் கடைக்கு, வீட்டு வேலைக்கு என்று ஆள் பிடிக்க யார் வந்தாலும், மாதர் சங்கத் தலைவியிடம் வந்து சொல்லுங்கள். பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் 1929க்கு அழைக்கலாம். அதுவும் ஒரு சின்ன வேலைதான். ஒரு அழைப்பு.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. இவ்வளவு நேரம் சத்தம் போடாமல் இருந்தீர்கள், சந்தோஷம். நாளைக்குத் திங்கட்கிழமை. பாடசாலைக்குப் போகும்போது உங்கள் லயத்தில் வராமல் நிற்கிற பிள்ளை யார் என்று பாருங்கள். அந்த வாசலில் நின்று ஒரு தரம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வரவில்லையா, செவ்வாய்க்கிழமையும் கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டு டீச்சரிடம் சொல்லுங்கள். நீங்கள் பிந்தி வந்தால் டீச்சர் அடிக்க மாட்டார். அடித்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், நான் போய்ப் பேசுகிறேன்.

பெரியவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றை எடுங்கள். கொப்பியோ, பெட்டியோ, போத்தலோ. மூன்று மாதம் விடாமல் நடத்துங்கள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகளின் கொப்பியையும் கொண்டுவாருங்கள். எல்லோருமாக உட்கார்ந்து பார்ப்போம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்த நாலரை கிலோவும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளித்தான் சேருகிறது. அதைக் கிள்ளுகிற கைகளிடம் நான் சின்ன வேலையின் பெறுமதியைப் பற்றி இதற்கு மேல் பேசத் தேவையில்லை.